வலைக் கண்ணும் டபிள்யூசியும்

ரொம்ப நாளாக மனதை அரிக்கிற விஷயம். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன்.

லினக்ஸில் கேட், கட், டபிள்யூசி மாதிரி அடிப்படைக் கட்டளைகளில் புது வசதி வேண்டும் என்று வாயைத் திறந்தாலே, பெரியவர்கள் 1983-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த வருடம் ராப் பைக், கேட்டில் பெர்க்லிக்காரர்கள் சேர்த்த 'மைனஸ் வி' ஆப்ஷனை வறுத்தெடுத்தார். கேட்டின் வேலை கோப்புகளை அடுத்தடுத்து ஒட்டித் தருவது, அதோடு நிற்கட்டும் என்பது அவர் வாதம்.

எனக்கும் சம்மதம்தான். எங்கள் பழவேற்காட்டில் இறால் வலை வேறு, நண்டு வலை வேறு. இரண்டையும் சேர்த்துத் தைக்கலாமே என்று கேட்டால் அப்பா துடுப்பை எடுத்துக்கொண்டு வருவார் :-)

ஆனால் இதைப் பாருங்கள். 'பழவேற்காடு' எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே 6 என்று சொல்லும். டபிள்யூசியிடம் மைனஸ் எம் போட்டுக் கேட்டால் 10! புள்ளி, கால், கொம்பு எல்லாம் யூனிகோடில் தனிக் குறியீடு, அதனால் தனித்தனியாக எண்ணுகிறது. மைனஸ் சி போட்டால் 30. அது பைட் கணக்கு, நியாயம். ஊரில் யார் எந்த முறை எங்கே வலை போடுவது என்ற பாடு சுற்றுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்தபோது, முதல் எழுத்தை மட்டும் கட்டிடம் கேட்டேன். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். அதில் ஒன்றை மட்டும் வெட்டிக் கொடுத்தது. திரை முழுக்க கேள்விக்குறி.

"கிரெப்பில் மைனஸ் பி போட்டு எழுத்து எழுத்தாகப் பிரி, பைப்பில் டபிள்யூசிக்கு அனுப்பி வரியை எண்ணு. புது வசதி எதற்கு?" என்கிறார்கள். 6 வருகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மைனஸ் பி-யே கிரெப்பில் பின்னாளில் சேர்த்த வசதிதானே சாமி!

இதே ராப் பைக்தான் 1992-ல் கென் தாம்சனோடு சேர்ந்து யூடிஎஃப்-8 உருவாக்கினார். பிளான் 9-ல் கட்டளைகளை அதற்கேற்ப மாற்றினார்கள். அங்கே டபிள்யூசிக்கு, பைட் இல்லாமல் குறியீட்டை எண்ண ஒரு ஆப்ஷனே உண்டு. கேட்டுக்குச் சம்பந்தமில்லாத வேலையைக் கொடுப்பதைத்தான் அவர் எதிர்த்தார். இருக்கிற வேலையை ஒழுங்காகச் செய்வதை யார் எதிர்த்தார்கள்?

பழைய ஸ்கிரிப்ட்கள் உடையுமே என்பது நியாயமான பயம். அதனால்தான் மைனஸ் எம்-ஐத் தொடவேண்டாம், பக்கத்தில் இன்னொரு ஆப்ஷன் போதும் என்கிறேன்.

வலைக் கண் பிய்ந்து இறால் நழுவினால், எங்கள் ஊரில் அன்றைக்கே உட்கார்ந்து முடிச்சுப் போடுவார்கள். அதை யாரும் புது வசதி என்று சொல்வதில்லை. எண்ணுவதுதான் உன் வேலை என்றால், என் எழுத்தையும் ஒழுங்காக எண்ணு. அவ்வளவுதான்.