பாதத்துக்கு மட்டும் விரதமா?

மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் எரிபொருள் மிச்சமாகும் என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் கீழுள்ள பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் பல்லாண்டுகளாக உபதேசித்து வருகிறது. நல்லது. அதே அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகமோ 2018 ஏப்ரலில் விரைவுச்சாலைகளில் கார்களின் உச்சவேகத்தை 120 ஆக உயர்த்திற்று. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். பள்ளிப் பிள்ளைகள் அறிந்த இக்கணக்கு அமைச்சகத்துக்குத் தெரியாதா? சாலையை வேகத்துக்கென்றே அமைத்துவிட்டு, புகையின் பழியை ஓட்டுநரின் வலது பாதத்தின் மேல் சுமத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. சிக்கனம் மெய்யாகவே வேண்டுமெனில், எண்ணெய் நெருக்கடியின்போது அமெரிக்கா 1974இல் மணிக்கு 55 மைல் என்று விதித்ததைப்போலச் சட்டத்தில் எழுதட்டும். (அவர்களும் அதை 1987இல் தளர்த்தி 1995இல் கைவிட்டார்கள். ஆனால் எழுதவாவது செய்தார்கள்.)