மரத்தில் தொங்கிய வாளும் கழுத்தில் தொங்கும் தாயத்தும்

மரணம் கண்ணெதிரே நிற்கும் போர்க்களத்தில் மனிதன் எதையேனும் பற்றிக்கொள்ளத் துடிப்பது இயல்பு. எதைப் பற்றுகிறான் என்பதில்தான் ஈமான் சோதிக்கப்படுகிறது.

1905-ஆம் ஆண்டு, இன்றைய தான்சானியாவில், ஜெர்மானிய ஆதிக்கத்தை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களின் கோரிக்கை நியாயமானது. ஆனால், மந்திர நீர் துப்பாக்கிக் குண்டுகளைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பி, இயந்திரத் துப்பாக்கிகளை நோக்கி நடந்தனர். குண்டுகள் குண்டுகளாகவே பாய்ந்தன.

‘அவர்கள் அறியாதவர்கள், நம்மிடம் குர்ஆன் இருக்கிறது’ என்போர் இஸ்தான்புல்லின் தோப்கப்பி அரண்மனையில் உள்ள சட்டையை எண்ணிப் பார்க்கட்டும். உஸ்மானிய இளவரசர் ஜெம்முக்காக 1477-இல் தொடங்கி 1480-இல் முடிக்கப்பட்டது அது. இறைவசனங்களும் எண் கட்டங்களும் அதில் நிறைந்துள்ளன. மறு ஆண்டே அவர் அரியணைப் போரில் அண்ணனிடம் தோற்றார். 1495-இல் இத்தாலியில், அந்நியர் பிடியில் இறந்தார். ஓதி, விளங்கி, வாழ்வதற்காக இறங்கிய வேதத்தைத் துணியில் எழுதி உடுத்துவது அதற்குச் செய்யும் கண்ணியமா?

ஹிஜ்ரி 8-இல் முஸ்லிம் படை ஹுனைனை நோக்கிச் சென்றது. இணைவைப்பாளர்கள் ‘தாத்து அன்வாத்’ என்னும் மரத்தில் ஆயுதங்களைத் தொங்கவிட்டு வந்தனர். இஸ்லாத்திற்குப் புதியவர்கள் தமக்கும் அப்படியொரு மரம் வேண்டுமென்றனர். மூஸா (அலை) அவர்களிடம் பனூ இஸ்ராயீலர் தெய்வம் கேட்டதைப் போன்றது இது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் (திர்மிதீ). அவர்கள் கேட்டது சிலையன்று, ஒரு மரம்தான். இருப்பினும், போருக்குச் செல்வோரின் மனம் தளருமே என்று நபியவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

அதே நபியவர்கள் உஹதில் இரண்டு கவசங்களை அணிந்தார்கள். மதீனாவைக் காக்க அகழ் தோண்டினார்கள். கவசம் வாளைத் தடுக்கும். அது அல்லாஹ் வகுத்த நியதி. தாயத்து எதைத் தடுக்கும்?

சகோதர சகோதரிகளே! போர்க்களத்தின் அச்சத்திற்கே அந்த மரம் மறுக்கப்பட்டது. அச்சமில்லாத நம் வீடுகளில் குழந்தையின் இடுப்பில் மந்திரித்த கயிறு ஏன்? வெளிநாடு செல்லும் மகனின் புஜத்தில் தாயத்து ஏன்? ‘மன ஆறுதலுக்குத்தான்’ என்கிறோம். மரம் கேட்டவர்கள் வேறு எதைத் தேடினார்கள்?

மகனுக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுங்கள்; ஆயத்துல் குர்ஸியைக் கற்றுக்கொடுங்கள். முன்னது முயற்சி, பின்னது பிரார்த்தனை. இவ்விரண்டுக்கும் இடையில் கயிற்றுக்கு இடமில்லை.

அல்லாஹ் நம் அனைவரையும் இணைவைப்பிலிருந்து காப்பானாக! ஆமீன்.