பேய் ஓட்ட ஆளுண்டு. வைத்தியம் பார்க்க ஆளெங்கே?

பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த 14 வயதுப் பெண் திடீரென்று படிப்பை விட்டு, சோற்றை விட்டு, தூக்கத்தை விட்டு மூலையில் உட்கார்ந்துவிட்டால் நம் ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? கிராமத்தார் காற்றுக் கருப்பு அடித்துவிட்டதென்று பூசாரியிடம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பட்டணத்துப் படித்தவர்களோ பேயென்று சொல்ல வெட்கப்பட்டு, "திமிர்", "சோம்பேறித்தனம்" என்று பிரம்பை எடுக்கிறார்கள். ஒருவர் வேப்பிலையால் அடிக்கிறார், மற்றவர் பிரம்பால் அடிக்கிறார் என்பதைத் தவிர இவ்விருவர் அறிவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

உடம்புக்குக் காய்ச்சல் வருவது போலவே மனதுக்கும் நோய் வரும், பிள்ளைகளுக்கும் வரும். 2015-16-ல் பெங்களூர் நிமான்ஸ் ஸ்தாபனத்தார் நடத்திய தேசிய மனநல சர்வேயில், 13 முதல் 17 வயதுள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கு மேல் மனக்கோளாறு இருப்பதாகக் கண்டார்கள்.

இவர்கள் பூசாரியை விட்டு வைத்தியரிடம் போக வேண்டுமென்று நாம் சொல்லுகின்றோம். ஆனால் வைத்தியர் எங்கே இருக்கிறார்? லட்சம் பேருக்கு 0.75 மனநோய் வைத்தியர்தான் இந்தியாவில் உண்டென்று 2023-ல் பார்லிமெண்டுக் கமிட்டியே சொல்லிற்று. அதாவது 4 லட்சம் பேருக்கு 3 வைத்தியர்! அவர்களும் பெரும்பாலும் பட்டணவாசிகள். பிள்ளைகளின் வைத்தியத்திற்கென்றே பயின்றவர்கள் அவர்களுள் மிகச் சிலர். ஒரு கூலிக்காரர் வேலையை விட்டு, பஸ் சார்ஜ் கொடுத்து, மாதாமாதம் அங்கே பிள்ளையை அழைத்துப் போக முடியுமா? பூசாரியோ தெருக்கோடியிலேயே இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் உட்காருகிறார். ஆகவே மூடநம்பிக்கை அறியாமையால் மாத்திரம் வாழவில்லை. ஆஸ்பத்திரி இல்லாத குறையாலும் வாழ்கின்றது.

வைத்தியம் கிடைக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஏர்வாடியே சாட்சி. அங்கே 2001 ஆகஸ்டு 6-ந் தேதி, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து மாண்டார்கள்.

அதன் பிறகு சட்டம் வராமல் இல்லை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், சர்க்கார் வைத்தியம் பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்கின்றது. பிள்ளைகளுக்கென மனநல வைத்திய வசதி இருக்க வேண்டும் என்கின்றது. யாரையும் சங்கிலியால் கட்டலாகாது என்கின்றது. 2022 முதல் 14416 என்ற டெலிபோன் நம்பரில் இலவசமாக ஆலோசனையும் சொல்லுகிறார்கள். நல்லதே, வேண்டியவர்கள் இன்றே பேசலாம். ஆனால் டெலிபோனில் ஆறுதல் சொன்ன பிறகு, பிள்ளையை நேரில் உட்காரவைத்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா?

நாம் கேட்பது அதிகமல்ல. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் வாரத்தில் ஒரு நாளாவது பிள்ளைகளின் மனநோய்க்கென்று ஒரு வைத்தியர் வரட்டும். நோயின் அடையாளம் கண்டு அவரிடம் அனுப்ப உபாத்தியாயர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். பெற்றோர்களும் பேயென்றும் திமிரென்றும் முடிவு கட்டுமுன், என்ன துன்பமென்று பிள்ளையையே ஒரு வார்த்தை கேட்கட்டும்.

பூசாரி உட்காரும் அந்த வெள்ளிக்கிழமையே வைத்தியரும் வந்து உட்காரட்டும். ஜனங்கள் எங்கே போகிறார்கள் என்று பிறகு பார்ப்போம்.