முள்ளுத்தேங்காய் எண்ணெயும் தொலைக்கப்பட்ட பெயர்களும்

பாம் எண்ணெய் நஞ்சு என்று எச்சரிக்கும் செய்திகளுக்கு நம்மவர்களிடையே பஞ்சமில்லை. ரொறொன்ரோவிலிருந்து கொழும்புவரை படித்தவர்களே அவற்றை அனுப்பி வைக்கிறார்கள். அந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது, யார் கைபட்டு வருகிறது என்று ஒரு வரியேனும் எழுதுபவரை நான் இதுவரை காணவில்லை. பாம் எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிரம்பிய கொழுப்பு. நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் தேங்காய் எண்ணெயிலோ அது ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல். எனவே உடல்நலத்தின் பெயரால் திட்டுபவர்கள் முதலில் தமது அடுப்படியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

என் வழக்கு வேறு. தோட்டத்தில் பிறக்கும்போது இந்த எண்ணெய்க்கு ஊரும் பேரும் உண்டு. நமது வீட்டுக்கு வந்து சேரும்போது இரண்டும் இருப்பதில்லை. அவை தாமாகத் தொலையவில்லை, தொலைக்கப்படுகின்றன என்பதே எனது குற்றச்சாட்டு.

மரத்தின் பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் செம்பனை என்கிறார்கள். இலங்கையில் முள்ளுத்தேங்காய். தமிழ்நாட்டில் மரம் எண்ணெய்ப்பனை, எண்ணெய் பாமாயில். யாழ்ப்பாணத்து வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவைக்கிறேன்: நமது கற்பகதருவுக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம் மட்டுமே. இது மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த மரம்.

ஒரு குலை பத்துக் கிலோவிலிருந்து இருபத்தைந்து கிலோ வரை நிறுக்கும். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று அறுக்கிறார்கள். மரம் உயர உயரக் கம்பும் நீளும், கழுத்தும் வலிக்கும். விழுந்த வேகத்தில் பழங்கள் சிதறும். உதிரிப் பழத்தில் எண்ணெய் அதிகம் என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நாளாந்த இலக்கை எட்ட முடியாத ஆண்களுக்குத் துணையாக மனைவியரும் பிள்ளைகளும் தோட்டத்தில் இறங்கிப் பொறுக்குவதை, இந்தோனேசியத் தோட்டங்களைப் பற்றிய தனது 2016ஆம் ஆண்டு அறிக்கையில் சர்வதேச மன்னிப்புச் சபை பதிவு செய்திருக்கிறது. எடை ஆணின் கணக்கில் ஏறும். பெண்ணின் பெயரும் பிள்ளையின் பெயரும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. முதலில் தொலையும் பெயர்கள் இவை.

அறுபட்ட குலை காத்திருக்காது. பழத்திலுள்ள நொதியம் எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுவதால், ஒரு நாளுக்குள் அதை ஆலைக்குக் கொண்டுபோய் நீராவியில் அவித்தாக வேண்டும். பேரம் பேச நேரமில்லாத இந்த அவசரத்தில்தான் இடைத்தரகர் நுழைகிறார். இந்தோனேசியாவில் செம்பனை நிலத்தில் சுமார் 40 சதவீதம் சிறு உடைமையாளர்களின் கையில் இருக்கிறது. ஆலையும் பாரவூர்தியும் அவர்களிடம் இல்லை. தரகரின் பாரவூர்தியிலே நேர்மையாகப் பயிரிட்டவரின் குலையும், காட்டை எரித்து நட்டவரின் குலையும் ஒன்றாக ஏறுகின்றன. ஆலை வாசலில் எடை போடுவார்கள். எவருடைய தோட்டம் என்ற கேள்வி அந்தத் தராசிலேயே முடிந்துபோகிறது.

அதன் பின்னர் நடப்பது எல்லாமே கலத்தல்தான். ஆலையிலிருந்து தாங்கி ஊர்தி, துறைமுகத்திலே பெருந்தாங்கி, அப்பால் கப்பல். சுத்திகரிப்பு ஆலையில் களிமண்ணால் வெளிறச் செய்து, வெற்றிடத்தில் 200 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி மணத்தை நீக்குகிறார்கள். சிவந்த எண்ணெய் நிறமும் மணமும் இழந்து வெளிவருகிறது. பிறகு அதைக் குளிரவைத்துப் பிரிக்கிறார்கள். திரவமாக நிற்பது பாமோலின், பொரிப்பதற்கு. உறைவது மாஜரீனுக்கும் சவர்க்காரத்துக்கும். கொட்டையிலிருந்து வரும் எண்ணெய் தனி வழியில் ஷாம்புவுக்கும் சொக்லேற்றுக்கும் போகிறது. பத்திரிகையின் வணிகப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், கோலாலம்பூர்ச் சந்தையின் பாம் எண்ணெய் விலையைத் தொன்னுக்கு இத்தனை ரிங்கிட் என்று எத்தனையோ நாட்கள் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். குலை அறுப்பவரின் நாட்கூலியை அதன் அருகில் வெளியிட எந்தச் செய்தி நிறுவனமும் தரவு அனுப்பியதில்லை.

தமிழ் வாசகர்கள் இதை மூன்றாம் மனிதரின் கதையாகப் படிக்கக்கூடாது. மலாயாவின் முதலாவது வர்த்தகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் உருவானது. பெயரே நம் மொழி. இறப்பர் தோட்டங்களில் இரத்தம் சிந்திய தமிழர்கள், அத்தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது கத்தியைப் போட்டுவிட்டு அரிவாளைத் தூக்கினார்கள். பூக்களுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் வேலையும் ஒருகாலத்தில் தொழிலாளருடையதாக இருந்தது. 1981இல் கமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், அந்த வேலை போயிற்று. தோட்டங்கள் கைமாறி வீடமைப்பு நிலங்களானபோது லயங்களும் போயின, கோயில்களும் போயின. இன்று அந்த அரிவாள் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளிகள் கையில் இருக்கிறது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டெனக் கூறி அமெரிக்கச் சுங்கத்துறை 2020இல் இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் எண்ணெயைத் தடுத்து நிறுத்தியது. நமது பாட்டன்மார் கண்ட கங்காணி முறையும் கடனும் மொழி மாறித் தொடர்கின்றன என்று நான் சொன்னால் மிகை என்பார்கள். மிகையல்ல.

2004இல் அமைந்த நிலைபேறான பாம் எண்ணெய்க்கான வட்டமேசை அமைப்பு சான்றிதழ் தருகிறதே என்று கேட்கலாம். அதன் முறைகளில் ஒன்றிலே சான்றுள்ள எண்ணெயையும் சான்றில்லாததையும் ஒரே தாங்கியில் கலக்கலாம், கணக்கில் அளவு சரியாக இருந்தால் போதும். இன்னொன்றிலே எண்ணெயே கைமாறத் தேவையில்லை, சான்றை மட்டும் விலைக்கு வாங்கலாம். பாலில் தண்ணீர் கலப்பவன்கூட இவ்வளவு துணிச்சலாக ரசீது எழுதமாட்டான்.

தடை செய்வதும் மருந்தல்ல. 2021 ஏப்ரலில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ பாம் எண்ணெய் இறக்குமதிக்கும் புதிய செய்கைக்கும் தடை விதித்தார், நின்ற மரங்களை ஆண்டுக்குப் பத்து வீதமாக அகற்றவும் உத்தரவிட்டார். 1968இல் நாகியாதெனியவில் தொடங்கி அரசாங்கங்களே ஊக்குவித்த பயிர் அது. நீர் வற்றுகிறது என்ற தென்பகுதிக் கிராமத்தவரின் முறைப்பாட்டுக்கு நியாயம் உண்டு. ஆனால் அத்தோட்டங்களில் வேலை செய்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை. இறக்குமதித் தடையும் பின்னர் அனுமதிப்பத்திர முறையாக இளகியது. வெதுப்பகங்களுக்கு எண்ணெய் வந்துகொண்டுதான் இருந்தது.

மூலத்தைக் கண்டறிவது சாத்தியமில்லை என்று நிறுவனங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. 2018இல் யூனிலீவர் தனக்கு எண்ணெய் வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளின் பட்டியலைத் தானே வெளியிட்டது. எண்ணெய் எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்கு வரைபட ஆள்கூறு கேட்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றியது, பிறகு வர்த்தகர்களின் கூச்சலுக்குப் பணிந்து அமுலாக்கத்தை ஒத்திவைத்தது. முடியாத காரியமென்றால் இத்தனை கூச்சல் எதற்கு? 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பாவில் உணவுப் பொதியில் ‘பாம்’ என்ற சொல்லையாவது அச்சிட வேண்டியிருக்கிறது. ஆலையின் பெயரை அச்சிட இன்னும் ஒரு வரி மை போதும்.

லா சப்பேலிலும் ஸ்காபரோவிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களிடம் நான் கேட்பது இதுதான். மிக்சரும் முறுக்கும் பிஸ்கற்றும் பெட்டி பெட்டியாக இறக்குகிறீர்கள். அடுத்த தடவை கட்டளை எழுதும்போது, இது எந்த ஆலையின் எண்ணெயில் பொரித்தது என்று இறக்குமதியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் வரவில்லை என்பதைக் கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டுங்கள்.