499 பேர் இருந்தா ரோடு வராதா?

மெயின் ரோட்டில் இறங்கி, பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் ஊர் வரும். உங்கள் சொந்தத்திலும் இப்படி ஓர் ஊர் இருக்கும். என் பாட்டி ஊர் அப்படித்தான். "ஏன் பாட்டி இங்க பஸ் வரல?" என்று கேட்டால், "ஆளு பத்தாதுடி" என்பார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

விதியே அதுதான்! 2000, டிசம்பர் 25-ல் தொடங்கிய பிரதமரின் கிராம சாலைத் திட்டத்தில் தார் ரோடு கிடைக்க, சமவெளிக் குடியிருப்பில் குறைந்தது 500 பேர் இருக்க வேண்டும். மலை, பாலைவனப் பகுதிகளுக்கு 250. 2024-ல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்திலும் சமவெளிக்கு 500தான். எண்ணிக்கைக்கு ஆதாரம், 2011 சென்செஸ்! அப்போது பிறந்த குழந்தை இப்போது ஹைஸ்கூலில் படிக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரோடு இல்லை, பஸ் இல்லை என்று இளைஞர்கள் திருப்பூர், கோவை என்று கிளம்பிவிடுகிறார்கள். எங்கே குடியிருக்கிறார்களோ, சென்செஸில் அங்கேதான் சேர்ப்பார்கள். ஊரில் தலை குறையக் குறைய, ரோடும் தள்ளிப்போகும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 பிப்ரவரியில் நடக்கும் என அறிவித்திருக்கிறார்கள். ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கைக்குழந்தை முதல் திண்ணையில் படுத்திருக்கும் தாத்தா வரை யாரும் விடுபடக் கூடாது.

ஒரு ஆள்தானே என்று நினைக்காதீர்கள். அந்த 500-வது ஆள் உங்கள் பாட்டியாகவும் இருக்கலாம்!