பெயரும் எண்ணும்

இராஜபாளையம் கடைவீதியில் நின்று 'ராஜா' என்று கூவின் பலர் திரும்பிப் பார்ப்பர். அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் 'ஆண்டாள்' என்றழைப்பினும் அஃதே நிகழும். பெயர் ஒன்றாயினும் ஆட்கள் பலராதலின், லினக்ஸ் முறைமை பெயரை நம்புவதில்லை. ஒவ்வொரு பயனர்க்கும் ஓர் எண் வழங்கி, அவ்வெண்ணாலேயே கோப்புகளின் உரிமையைக் குறிக்கின்றது. ஆடுகளைப் பெயரால் அறியும் மேய்ப்பர் வேறு, கணினி வேறு.

இதனை அறியாமையால் மாணவர் படும் அல்லல் பெரிது. லினக்ஸை மீண்டும் நிறுவுங்கால் 'ஹோம்' என்னும் பகுதியை அழியாது காத்துக்கொள்கின்றனர், அது நன்றே. பழைய பெயராலேயே புதுக் கணக்கும் தொடங்குகின்றனர். கடவுச்சொல்லை முறைமை ஏற்கின்றது. திரை ஒரு நொடி இருண்டு, மீண்டும் வாயிலிலேயே கொண்டுவந்து நிறுத்துகின்றது. 'அனைத்தையும் அழித்து மறுபடி நிறுவுக' என்பர் அறிந்தார் போல்வார். ஈராண்டுக் குறிப்புகளும் கட்டுரை வரைவுகளும் அவ்வொரு சொல்லால் மாயும். அவ்வறிவுரையை யாம் வன்மையாக மறுக்கின்றோம்.

நிகழ்ந்தது யாது? டெபியன், உபுண்டு ஆகியவற்றில் முதற் பயனர் 1000 என்றும் அடுத்தவர் 1001 என்றும் எண் பெறுவர். முன்பு இரண்டாமவராயிருந்தவர் இப்பொழுது முதல்வராய்ப் பதிவுறின், அவர் கோப்புகள் 1001க்கு உரியனவாகவே கிடக்கும். ஃபெடோராவிலோ, 2011இல் வந்த 16ஆம் பதிப்பிற்கு முன் எண் 500இல் தொடங்கிற்று. தம் வீட்டினுள் எழுத உரிமையில்லாதவர்க்குத் திரைமுகப்பு எங்ஙனம் தொடங்கும்?

கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தின் எழுத்துத்திரை தோன்றும். அதனுள் நுழைந்து, 'எல்எஸ் -எல்என்' கட்டளையால் 'ஹோம்' பகுதியை நோக்கின் எண்கள் வெளிப்படும். பின்னர் மேலாளர் உரிமையோடு, உரிமை மாற்றும் 'சோன் -ஆர்' கட்டளையால் தம் கோப்புறையை மட்டும் தம் பெயர்க்கு மாற்றல் வேண்டும். 'ஹோம்' முழுவதையும் மாற்றின் அயலார் பொருளும் தமதாகிவிடும்!

கடவுச்சொல்லையே முறைமை மறுக்குமாயின் நோய் வேறு. பழைய கடவுச்சொற் பதிவு 'ஹோம்' பகுதியில் இருப்பதன்று. மறுநிறுவலோடு அது போயிற்று. புதிதாகக் கொடுத்ததே செல்லும். விசைப்பலகை தமிழ்99இல் நின்றதா என்பதையும் எம்மனைய தமிழ் மாணவர் முதற்கண் நோக்குக.

கல்லூரிக் கணினிக்கூடங்களில் மறுநிறுவலுக்கு முன் பயனர் எண்களை ஒரு தாளில் படியெடுத்தல் ஐந்து நிமிடப் பணி. புதுக் கணக்குகளுக்கு அவ்வெண்களையே வழங்கலாம். அதனைச் செய்யாது, கோப்பிழந்த மாணவரைக் கடிதல் முறையன்று.