ஊற்றுகளுக்கு யார் பொறுப்பு?

கங்கையும் பிரம்மபுத்திராவும் பாய்ந்தோடும் இமயமலையில் குடிநீர்த் தட்டுப்பாடு என்றால் வியப்பாகத்தான் இருக்கும். ஆறுகள் பள்ளத்தாக்கில் ஓடுகின்றன. மக்களோ மலைச் சரிவுகளில் வாழ்கின்றனர். அவர்களின் தாகம் தணிப்பவை பாறை இடுக்குகளில் கசிந்து சுரக்கும் ஊற்றுகளே.

நாட்டிலுள்ள சுமார் 50 லட்சம் ஊற்றுகளில் 30 லட்சம் இமயமலைப் பகுதியில் இருப்பதாகவும், அவற்றில் ஏறக்குறைய பாதி வற்றி வருவதாகவும் நீதி ஆயோக் அமைத்த குழு 2018-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. ஆயினும், 2020-இல் ரூ. 6,000 கோடி மதிப்பீட்டில் நடைமுறைக்கு வந்த அடல் நிலத்தடி நீர்த் திட்டத்துக்குத் தேர்வான ஏழு மாநிலங்களில் இமயமலை மாநிலம் ஒன்றுகூட இல்லை.

மேற்சரிவில் பெய்யும் மழை மண்ணில் இறங்கி, பாறைப் பிளவுகளின் வழியே பயணித்து, கீழே ஊற்றாக வெளிப்படுகிறது. இடையே அந்த வழி சிதைந்தால் ஊற்று வற்றும். 2009 டிசம்பரில் ஜோஷிமட் அருகே நீர்மின் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்த இயந்திரம் நிலத்தடி நீர்த்தேக்கத்தைத் துளைத்தது. நாளொன்றுக்கு 6 கோடி முதல் 7 கோடி லிட்டர் வரை நீர் வெளியேறியதாக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று கூறி மத்திய அரசு ஒதுங்கிவிட முடியாது. தேசிய நெடுஞ்சாலைகளையும் பெரும் நீர்மின் திட்டங்களையும் அனுமதிப்பது மத்திய அரசுதான். தனது நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை நில உரிமையாளருக்கு வழங்கும் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமும் தொடர்கிறது. ஓர் ஊரின் ஊற்றுக்கு நீர் சேருமிடம் அடுத்த ஊரின் நிலமாகவோ வனமாகவோ இருக்கும்போது, அதைக் காக்க இச்சட்டம் எவ்வகையில் உதவும்?

தீர்வு இல்லாமலில்லை. சிக்கிம் அரசு 2008-இல் ஊற்றுகளின் நீர்ப்பிடிப்பிடங்களைக் கண்டறிந்து, ஊரக வேலை உறுதித் திட்ட நிதியில் மழைநீர்க் குழிகள் வெட்டத் தொடங்கியது. நலிந்த ஊற்றுகள் பல மீண்டும் சுரந்தன.

மலைப்பகுதித் திட்டம் எதற்கும் அனுமதி வழங்குமுன், பாதிக்கப்படக்கூடிய ஊற்றுகளையும் அவற்றின் நீர்ப்பிடிப்பிடங்களையும் வரைபடமாக்குவது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதற்கான சட்டத்தை இயற்றும் கடமை நாடாளுமன்றத்துக்கு உண்டு. வீடுதோறும் குழாய் என்று 2019-இல் வாக்குறுதி அளித்தாயிற்று. ஊற்று வற்றிய மலைக் கிராமத்தில் அந்தக் குழாயில் காற்றுதான் வரும்.